சொன்ன வாயும் கேட்ட காதும்

பெண் பார்க்க வருவதற்குச் சில நாள் முன்பே மாப்பிள்ளை வீட்டார் அந்தத் தெருவுக்கு ஒரு தடவை வந்து போயிருப்பார்கள். பெண் வீட்டுப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். முனையிலுள்ள மளிகைக் கடையில் சோடா குடிப்பார்கள், இஸ்திரி வண்டிக்காரரிடம் பேச்சுக் கொடுப்பார்கள். பிறகு முகவரி கேட்பதுபோல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அங்கே பதில் பெரும்பாலும் முழுதாக வராது. "நல்ல குடும்பந்தான்... மத்தபடி நாம எதுக்கு ஒருத்தரைப் பத்திச் சொல்லணும்" என்று ஒரு இழுப்பு இழுத்தால் போதும், வந்த கார் திரும்பிப் போய்விடும். ஏன் திரும்பியது என்று பெண் வீட்டாருக்குத் தெரியாது. ஜாதகம் பொருந்தவில்லையாம் என்று தரகர் வந்து சொல்வார்.

அயலார் கிளப்பிவிடும் பொய்ப்பேச்சு ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் நம் ஊரில் இல்லை. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொன்ன அம்மாள் சொல்லிவிட்டுக் குழம்பு கொதிப்பதைப் பார்க்க உள்ளே போய்விட்டார். முடிவெடுத்தது கேட்டவர்கள். அவதூறு பற்றி அறநூல் சொன்னதும் சட்டம் எழுதியதும் பஞ்சாயத்து பேசியதும் பெரும்பாலும் சொன்ன வாயை எப்படி மூடுவது என்பதைச் சுற்றியே வருகின்றன. கேட்ட காதைப் பற்றி யோசித்தவர்கள் குறைவு. பாதிக்கப்பட்டவருக்கு உதவக்கூடிய வழிகளோ அந்தப் பக்கத்தில்தான் அதிகம் இருக்கின்றன என்பது என் கட்சி.

காதைப் பற்றி யோசித்த ஒரு இடம், எதிர்பாராத விதமாக, 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம். மெக்காலே 1837-இல் வரைவு கொடுத்த அந்தச் சட்டத்தின் 499-ஆம் பிரிவு அவதூறைப் பற்றியது. அதிலுள்ள நான்காவது விளக்கம், ஒருவரைப் பற்றிய குற்றச்சாட்டு 'பிறர் மதிப்பில்' அவரைத் தாழ்த்தினால்தான் அவர் நற்பெயருக்குக் கேடு என்கிறது. எதில் தாழ்த்த வேண்டும் என்று பட்டியலும் போடுகிறது: ஒழுக்கம் அல்லது அறிவு, சாதி அல்லது தொழில், நாணயம், பிறகு அருவருக்கத்தக்கதாகக் கருதப்படும் உடல்நிலை. சட்டத்தை மூடிவைத்துவிட்டு எந்தத் தெருவில் போய்க் காது கொடுத்தாலும் இதே பட்டியல்தான் கிடைக்கும். அந்தப் பெண் ராத்திரி லேட்டாக வருகிறாள். அவன் வேலை பார்ப்பதாகச் சொல்கிறானே, எங்கே என்று யாருக்காவது தெரியுமா? ஊரெல்லாம் கடனாம், சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடப் போகிறார்களாம். அவருக்கு 'அந்த' வியாதியாம். தெரு இந்தப் பட்டியலோடு செய்வினையைச் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஒவ்வொரு வகைக்கும் ஒரு தனிக் காது உண்டு. நடத்தைப் பேச்சு சம்பந்தம் பேச வருபவரின் காதுக்கு. கடன் பேச்சு சீட்டுப் பிடிப்பவருக்கும் மாதக் கணக்கு வைத்திருக்கும் கடைக்காரருக்கும். வியாதிப் பேச்சு வீட்டுக்காரருக்கு. மற்றவர்கள் கேட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டோடு மறந்துவிடுவார்கள். தெருவில் ஐம்பது வீடு இருந்தாலும் நம்மைப் பற்றி ஒரு முடிவெடுக்கும் நிலையில் இருப்பவர்கள் ஐந்தாறு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள்.

தமிழில் ஊர்ப்பேச்சுக்கு வயது ஏறக்குறைய இலக்கியத்தின் வயது. சங்க அகப்பாடல்களில் அலர் தூற்றும் பெண்டிர் ஒரு நிலையான பாத்திரம். தலைவி அவர்களுக்கு அஞ்சுகிறாள். தோழியோ அந்த அலரைத் தலைவனிடம் எடுத்துச் சொல்லி, காலம் கடத்தாமல் மணந்துகொள் என்று நெருக்குகிறாள். ஊர் வாயை மூட அவள் முயல்வதில்லை. அந்தப் பேச்சு யார் காதுக்குப் போனால் காரியம் நடக்குமோ அந்த ஒரு காதுக்குக் கொண்டு போகிறாள். திருக்குறளிலும் இரண்டு முகம் உண்டு. அறத்துப்பாலில் புறங்கூறாமை ஓர் அதிகாரம், அதை அடுத்தே பயனில சொல்லாமை. இரண்டும் பேசுபவனைக் கண்டிப்பவை. காமத்துப்பாலில் அலரறிவுறுத்தல் என்ற அதிகாரத்தில் அதே ஊர்ப்பேச்சு காதலுக்கு எரு போடுகிறது. ஒரே நூல், ஒரே ஆசிரியர், இரண்டு தீர்ப்பு. இதை முரண் என்று நான் நினைக்கவில்லை. ஊர்ப்பேச்சு யாருக்கு எதிராகப் போகிறது, யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது நஞ்சா மருந்தா என்பது முடிவாகும்.

இருபதாம் நூற்றாண்டு மானிடவியலாளர்களும் சுற்றிவளைத்து இங்கேதான் வந்தார்கள். மாக்ஸ் குளக்மன் 1963-இல் எழுதிய கட்டுரை, வம்பளப்பு ஒரு குழுவைக் கட்டிவைக்கும் கயிறு என்றது. ஒருவரைப் பற்றி வம்பு பேசும் உரிமையே அந்தக் குழுவில் நீ உறுப்பினன் என்பதற்கு அத்தாட்சி. வெளியாள் நம்மவரைப் பற்றிப் பேசினால் நமக்குக் கோபம் வரும். ஜேம்ஸ் ஸ்காட் 1985-இல் வெளியிட்ட நூலுக்காக மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு நெல் விவசாயக் கிராமத்தில் தங்கியிருந்தார். அறுவடை இயந்திரம் வந்து கூலி வேலை பறிபோன ஏழைகள் பணக்காரர்களை நேரே எதிர்க்க முடியாமல், அவர்களுடைய கஞ்சத்தனத்தைப் பற்றிக் கதை கட்டினார்கள். விருந்துக்கு யார் அழைத்தார்கள், யார் அழைக்கவில்லை என்று பேசிப் பேசியே பணக்காரர்களின் பெயரைக் கெடுத்தார்கள். இல்லாதவனின் ஆயுதம் என்று ஸ்காட் அதைப் பார்த்தார். எல்லா வம்பும் கெட்டது என்று எழுதிவிடுவது சுலபம். மனைவியை அடிப்பவனைப் பற்றித் தெரு பேசாமல் இருந்தால் அது நல்ல தெரு ஆகிவிடாது.

ஆனால் நம் கேள்விக்கு நேரே பதில் சொல்லும் நூல் வேறு. நார்பர்ட் எலியாஸ், ஜான் ஸ்காட்சன் இருவரும் இங்கிலாந்தில் லெஸ்டருக்கு அருகே ஒரு புறநகரை ஆராய்ந்து 1965-இல் வெளியிட்டார்கள். ஊருக்கு 'வின்ஸ்டன் பார்வா' என்று புனைபெயர் கொடுத்தார்கள். அங்கே தொழிலாளர் குடியிருப்பு இரண்டு. ஒன்றில் தலைமுறைகளாக இருப்பவர்கள், இன்னொன்றில் புதிதாக வந்தவர்கள். இரு பக்கமும் ஒரே இனம், ஒரே வர்க்கம், ஏறக்குறைய ஒரே வருமானம். ஆனாலும் பழையவர்கள் புதியவர்களை அழுக்கானவர்கள், ஒழுக்கமற்றவர்கள் என்று பேசினார்கள். புதிய குடியிருப்பில் உண்மையிலேயே தொல்லை கொடுத்த குடும்பங்கள் சிலதான். அவற்றை வைத்து மொத்தக் குடியிருப்புக்கும் முத்திரை விழுந்தது. பழையவர்களில் மிகச் சிறந்தவர்களை வைத்து அவர்கள் தங்கள் பகுதிக்குப் பெயர் வாங்கிக்கொண்டார்கள்.

முத்திரை ஏன் ஒட்டியது? பழையவர்களுக்குத் தேவாலயம், கிளப், உறவு என்று ஆயிரம் இழை. காலையில் ஒரு சமையலறையில் கிளம்பிய பேச்சு மாலைக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். புதியவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்கள். திருப்பிச் சொல்ல அவர்களிடமும் விஷயம் இருந்தது, ஆனால் எடுத்துச் செல்ல வழி இல்லை. சிலர் தங்களைப் பற்றிச் சொல்லப்பட்டதைத் தாங்களே பாதி நம்பவும் செய்தார்கள். பொய்யின் பலம் அதன் சாமர்த்தியத்தில் இல்லை, அது ஓடும் வாய்க்காலில் இருக்கிறது. நம் ஊரில் வாடகைக்கு வந்தவர், தனியாக இருக்கும் பெண், வேறு சாதிக்காரர், வேறு மதத்தவர் இவர்களைப் பற்றிய பேச்சு ஒட்டிக்கொள்வதும், மூன்று தலைமுறையாகச் சொந்த வீட்டில் இருப்பவரைப் பற்றிய அதே பேச்சு உதிர்ந்துவிடுவதும் இதனால்தான். பொய் சொல்பவர் ஒருவரே, பொய்யும் ஒன்றே. விளைவு மட்டும் வேறு.

போகிற போக்கில் ஜெயகாந்தனைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'அக்கினிப் பிரவேச'த்தில், அந்நியன் ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றிவிட்டு விஷயத்தை வீட்டோடு முடித்துக்கொள்கிறாள். 'சில நேரங்களில் சில மனிதர்க'ளில் அதே தாய் வாய்விட்டு அலறி, ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. மகள் வாழ்க்கை வேறாகிவிடுகிறது. ஒரு சிறுகதைக்கும் ஒரு நாவலுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் குடித்தனக்காரர்களின் காதுகள். பொய்ப்பேச்சைப் பற்றிய கதை அல்ல அது. ஆனாலும் அயலார் காது எவ்வளவு எடையுள்ள பொருள் என்பதை யாரும் இவ்வளவு கூர்மையாகச் சொல்லவில்லை.

ஒரு பேச்சு வாய் மாறும்போது என்னவாகிறது என்பதைச் சோதனை செய்து பார்த்தவர்கள் கார்டன் ஆல்போர்ட்டும் லியோ போஸ்ட்மேனும். 1947-இல் வந்த அவர்கள் நூலின்படி, ஐந்தாறு வாய் மாறுவதற்குள் ஒரு செய்தியின் விவரங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் உதிர்ந்துபோகிறது. எஞ்சுவது கூர்மையாகிறது, கேட்பவரின் முன்முடிவுக்கு ஏற்ப வளைகிறது. விஷயம் முக்கியமாகவும் மங்கலாகவும் இருந்தால் வதந்தி வளரும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் வளராது என்றும் சொன்னார்கள். இந்த இரண்டாவது பகுதி நமக்கு உதவும். முக்கியத்தைக் குறைக்க நம்மால் முடியாது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணின் நடத்தை முக்கியமாகத்தான் இருக்கும், அது சரியா என்பது வேறு வாதம். மங்கலைக் குறைக்க முடியும். 'ராத்திரி லேட்டாக வருகிறாள்' என்பது மங்கல். 'கால் சென்டரில் வேலை, கம்பெனி வண்டி பன்னிரண்டு மணிக்கு இறக்கிவிடும்' என்பது தெளிவு. இரண்டாவதை முதலிலேயே தெருவில் நாலு பேருக்குச் சாதாரணமாகச் சொல்லி வைத்த குடும்பத்தில் முதலாவது முளைப்பதில்லை. எதையும் சொல்லாமல் கதவை மூடிக்கொண்டு வாழ்வது கௌரவம் என்று நினைக்கும் குடும்பங்கள்தான் அதிகம் அடிபடுகின்றன. நியாயமில்லைதான். நடப்பு அப்படித்தான் இருக்கிறது.

அடுத்தது மறுப்பின் சிக்கல். ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோ என்ற மூன்று உளவியலாளர்கள் 1977-இல் காட்டியது எளிய உண்மை. ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால், அது உண்மையோ பொய்யோ, கேட்பவருக்கு அதிக உண்மையாகத் தோன்ற ஆரம்பிக்கிறது. இதை நினைத்துக்கொண்டு, தெரு முழுக்கப் போய் "நான் சீட்டுப் பணத்தை எடுக்கவே இல்லை" என்று சத்தியம் செய்பவரைப் பாருங்கள். அதுவரை கேள்விப்படாத இருபது பேரிடம் அவரே அந்தப் பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். ஒரு மாதம் கழித்து அவர்களுக்கு ஞாபகம் இருக்கப்போவது 'சீட்டுப் பணம்', அப்புறம் அவர் முகம். நடுவிலிருந்த 'இல்லை' நழுவியிருக்கும். மறுப்பு தேவையில்லை என்று இதற்கு அர்த்தமல்ல. ஏற்கெனவே கேட்டுவிட்டவருக்கு, முடிவெடுக்கக்கூடியவருக்கு, கையில் காகிதத்தோடு சொல்ல வேண்டும். சீட்டு நோட்டைக் காட்டலாம், பாங்கு பாஸ்புக்கைக் காட்டலாம். முதலில் உண்மை, கடைசியிலும் உண்மை; பொய்யை நடுவில் ஒரு தடவை தொட்டுவிட்டு விட வேண்டும்.

நம் மக்கள் இந்தச் சிக்கலுக்குத் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். சமூகவியல் படிக்காமலே கண்டது. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுவார்கள். மடப்புரம் காளி கோயிலில் காசு வெட்டிப் போடுவார்கள். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைக் காகிதத்தில் எழுதிப் பிராது கட்டுவார்கள். களவு போனவர்களும், பங்காளியால் ஏமாற்றப்பட்டவர்களும், அபாண்டம் சுமத்தப்பட்டவர்களும் அங்கே போகிறார்கள். பகுத்தறிவாளர்கள் சிரிக்கலாம். சாமி கேட்குமா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, தெரு என்ன கேட்கிறது என்று மட்டும் பாருங்கள். 'அவ மாசாணிக்குப் போயி மிளகா அரைச்சுட்டு வந்துட்டா' என்ற செய்தி மறுநாள் எல்லா வீட்டுக்கும் போகும். குற்றச்சாட்டு என்ன என்பதைத் திருப்பிச் சொல்லாமலே 'நான் குற்றமற்றவள், அதைச் சாமி முன்னால் பந்தயம் வைக்கவும் தயார்' என்ற சேதி போய்ச் சேர்ந்துவிடுகிறது. பொய்யை உச்சரிக்காத மறுப்பு! பொய் சொன்னவளுக்கும் உள்ளுக்குள் ஒரு நடுக்கம். எந்த வக்கீல் நோட்டீசும் இதைச் செய்யாது.

ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. மிளகாய் அரைத்த வாரத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கதை திரும்பும். இப்போது நீங்கள் அபாண்டத்துக்கு ஆளானவர் அல்ல, செய்வினை வைத்தவர். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் பேச்சோடும் பேச்சு வார்த்தை நின்றுபோவதோடும் முடியும். ஜார்க்கண்டில் அப்படி முடிவதில்லை. சராய்கேலா - கர்சாவாங் மாவட்டத்தைச் சேர்ந்த சுட்னி மஹதோவை 1995-இல் அக்கம்பக்கத்தார் சூனியக்காரி என்றார்கள். காரணம், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வந்த நோய். அடித்து, அவமானப்படுத்தி, ஊரைவிட்டுத் துரத்தினார்கள். பிற்காலத்தில் அவர் அதே குற்றச்சாட்டுக்கு ஆளான பெண்களைக் காப்பாற்றும் வேலையில் இறங்கினார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஜார்க்கண்ட் 2001-இலும், அதற்கு முன்பே பிகார் 1999-இலும் இதற்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்திருந்தன. காதுகளைத் தேடிப்போய்ப் பொறுமையாக விளக்கு என்று நான் சொல்வது இத்தகைய இடத்தில் செல்லாது. கேட்ட காதுகளே கையில் தடியோடு வரும்போது போலீசும் பாதுகாப்பான வேறொரு கூரையும்தான் வழி. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த முதியவர் ஒருவர், பிள்ளை பிடிப்பவர் என்ற வாட்ஸ்அப் புரளியை நம்பிய கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டதும் அந்த வகையே.

சட்டத்துக்கு வருவோம். பலரும் முதலில் ஓடுவது போலீஸ் ஸ்டேஷனுக்கு. அங்கே மனுவை வாங்கிக்கொண்டு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள், இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், எழுதி வாங்குவார்கள். பல சமயம் இதுவே போதுமானதாக இருக்கிறது. ஆனால் அவதூறுக்காக எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லி வற்புறுத்துவதில் பயனில்லை, போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாத குற்றம் அது. பழைய 499, 500 பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவாகிவிட்டன. தண்டனை முன்போலவே இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிதாகச் சமூக சேவையும் சேர்ந்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் நேரே மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்க வேண்டும். புதிய நடைமுறைச் சட்டத்தில் வழக்கைக் கோப்பில் எடுப்பதற்கு முன்பே எதிர்த்தரப்பு சொல்வதையும் மாஜிஸ்திரேட் கேட்க வேண்டும். குற்ற அவதூறுப் பிரிவே அரசமைப்புக்கு ஒவ்வாதது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2016-இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் ஏற்கவில்லை. இலங்கை வேறு வழியில் போனது. அங்கே 2002-இல் அவதூறு குற்றப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

சிவில் பக்கம் மான நஷ்ட வழக்கு. பேச்சு நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும். பலர் 'பொறுத்துப் பார்ப்போம்' என்று இந்த ஓராண்டைத்தான் தொலைக்கிறார்கள். கேட்கும் நஷ்ட ஈட்டில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம் என்பதால், பத்து லட்சம் கேட்டு மிரட்ட நினைப்பவர் முதலில் முப்பதாயிரம் எடுத்துவைக்க வேண்டும். இந்த வழியைத் திறந்துவைத்ததில் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. 1880-களின் நடுவில் 'பார்வதி எதிர் மன்னார்' என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அந்தப் பெண் கணவனின் முறையான மனைவியே அல்ல, நடத்தை கெட்டுப் பல இடங்களிலிருந்து விரட்டப்பட்டவள் என்று ஒருவர் வாயால் சொன்னதுதான் விவகாரம். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, ஒரு பெண்ணின் கற்பைப் பற்றி வாயால் அவதூறு சொன்னால், பணநஷ்டத்தை நிரூபித்தாலொழிய வழக்கே நிற்காது. சென்னை நீதிபதிகள் அந்த விதியை இங்கே இறக்குமதி செய்ய மறுத்துவிட்டார்கள். இங்கிலாந்து தன் சட்டத்தை மாற்றியது 1891-இல். வாயால் விழுந்த ஒரு வசைக்காகக் கோர்ட் படி ஏறிய ஒரு பெண் லண்டனை முந்திவிட்டாள். இதற்குத் தமிழில் ஒரு நல்ல கதை எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால் இன்றைக்கு ஒரு சாதாரணக் குடும்பம் இந்தப் படிகளில் ஏறினால் என்ன நடக்கிறது? முதலில், சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும். 'கேவலமாகப் பேசினார்' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. காற்றோடு போயிருக்கக்கூடிய பேச்சு இப்போது வக்கீல் நோட்டீசிலும் புகாரிலும் கோர்ட் கட்டிலும் மையில் ஏறி நிற்கிறது. இரண்டாவது, மூன்றாம் நபர் ஒருவர் கேட்டதாகச் சாட்சி வேண்டும். நம் முகத்துக்கு நேரே மட்டும் சொன்னால் அது அவதூறே ஆகாது. அந்த மூன்றாம் நபர் யார்? அதே தெருவில், அதே தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்பவர். 'எனக்கென்ன வம்பு' என்று நழுவிவிடுவார். மூன்றாவது, சட்டத்திலேயே பத்து விதிவிலக்குகள் உண்டு. நல்லெண்ணத்தோடு, தகுந்த அதிகாரியிடம் சொன்ன குற்றச்சாட்டு அவதூறாகாது. தன் நலனையோ பிறர் நலனையோ காக்க நல்லெண்ணத்தோடு சொன்னதும் ஆகாது. சம்பந்தம் விசாரிக்க வந்தவரிடம் சொன்னேன் என்பவர் இந்தக் கடைசி விதிவிலக்கின் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்ப்பார். அவருக்கு நல்லெண்ணம் இருந்ததா இல்லையா என்று வாதாடியே வருடங்கள் ஓடும். அதற்குள் பெண்ணுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்திருக்கலாம், அல்லது ஆகாமலே இருக்கலாம்.

இந்த விதிவிலக்குகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு பெண் அடிபடுகிறாள் என்று பாதுகாப்பு அலுவலரிடம் சொல்பவருக்கு 2005-இன் குடும்ப வன்முறைச் சட்டம் தெளிவான காப்பு கொடுக்கிறது. நல்லெண்ணத்தோடு சொல்லியிருந்தால் அவர்மீது சிவில், கிரிமினல் எந்தப் பொறுப்பும் இல்லை. அவதூறு வழக்கு என்ற மிரட்டலால் இத்தகைய வாய்களும் மூடிக்கொண்டால் தெருவுக்குத்தான் நஷ்டம். சட்டம் கடுமையாவதில் எனக்கு உற்சாகம் இல்லாததற்கு இது ஒரு காரணம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விஷயம் சற்று மாறிவிட்டது. அங்கே பேச்சு குழாயடியிலிருந்து வாட்ஸ்அப் குழுவுக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. 'சில ஃபிளாட்டுகளில் என்ன நடக்கிறது என்று அசோசியேஷன் கவனிக்குமா?' என்று பெயர் சொல்லாமல் ஒரு மெசேஜ், கீழே இரண்டு கட்டைவிரல். ஒரு வகையில் இது பாதிக்கப்பட்டவருக்குச் சாதகம், ஏனென்றால் சாட்சி தேட வேண்டியதில்லை. ஸ்கிரீன்ஷாட்டோடு நின்றுவிடாமல் போனையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மின்னணுச் சான்றுக்குச் சட்டம் கேட்கும் சான்றிதழை வக்கீல் தயார் செய்வார். குழு அட்மினைப் பிடித்து இழுப்பதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. வெறும் அட்மின் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. குழுவிலேயே பதிலடி கொடுப்பது மிக மோசமான வழி. எண்பது வீட்டுக்காரர்களும் அன்று மாலைக்குள் அதைப் படித்துவிடுவார்கள். எழுதியவருக்குத் தனியாக, அசோசியேஷன் செயலாளருக்கு நகலோடு, இரண்டே வரி: இது உண்மையல்ல, இதை நீக்கச் சொல்கிறேன். பெரும்பாலும் 'டெலீட்டட்' என்று வந்துவிடும்.

கோர்ட்டுக்கும் தெருச்சண்டைக்கும் நடுவே மூன்றாவது இடம் ஒன்று வேண்டும் என்பதில் இலங்கை நம்மைவிட முன்னால் இருக்கிறது. அங்கே 1988-ஆம் ஆண்டின் 72-ஆம் இலக்கச் சட்டப்படி மத்தியஸ்த சபைகள் இயங்குகின்றன. மூன்று மத்தியஸ்தர்கள் உட்காருவார்கள், வக்கீல் ஆஜராக முடியாது, தீர்ப்பு என்று எதுவும் சொல்ல மாட்டார்கள். இரு தரப்பும் ஒத்துவந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் 'இணக்கம் ஏற்படவில்லை' என்று ஒரு சான்றிதழ். வேலித் தகராறு, சிறு கடன், வாய்ச்சண்டை எல்லாம் அங்கே போகும். தமிழ்நாட்டில் 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தோடு இணைந்து தொடங்கிய சமரச மையம் இந்தியாவில் அந்த வகையில் முன்னோடி. ஆனால் அங்கே போவது பெரும்பாலும் ஏற்கெனவே கோர்ட்டுக்கு வந்துவிட்ட வழக்கு. 2023-இன் மத்தியஸ்தச் சட்டத்தில் ஒரு வட்டாரத்தின் அமைதியைக் குலைக்கும் பிணக்குகளுக்கென்று சமுதாய மத்தியஸ்தம் எழுதப்பட்டிருக்கிறது. தெருவளவில் அது வேரூன்றினால் நல்லது. அதுவரை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு, அல்லது இரு வீட்டாரும் மதிக்கும் ஒரு பெரியவர்.

அந்தப் பெரியவர் முன்னால் பேசும்போது பேச்சு எங்கே போகும் என்று பாருங்கள். 'நீ ஏன் அப்படிச் சொன்னே' என்பதில் ஆரம்பித்து, பத்து நிமிடத்தில் பொதுச் சுவரில் அடித்த ஆணிக்கோ, வாசலில் நிறுத்திய பைக்குக்கோ, தூர்ந்துபோன சாக்கடைக்கோ, வளைகாப்புக்குக் கூப்பிடாமல் விட்டதற்கோ வந்துவிடும். பொய் அந்தத் தகராறின் குட்டி. பைக்கை நகர்த்தினால் பேச்சு நின்றுவிடுவதும் உண்டு. ஆகவே முதல் தடவை நேரே போகும்போது குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். "என்னைப் பத்தி இப்படி ஒண்ணு காதுல விழுந்துதுக்கா, உங்க பேரும் அடிபடுது, அதான் நேர்ல கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்ற அளவில் நிறுத்தினால் அவருக்கு 'நான் சொல்லவே இல்லையே' என்று பின்வாங்க இடம் கிடைக்கும். பின்வாங்கியவர் மறுபடி அதையே சொல்வது கடினம், ஏனென்றால் சொல்லவில்லை என்று சொல்லியாகிவிட்டது. தனியாகப் போகாமல் வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது. வாசலில் நின்று கத்தினால் தெரு முழுக்கக் காது.

இதற்கும் மசியாதவர்கள் உண்டு. பகையே பொழுதுபோக்கான மனிதர்கள். அவர்களைத் திருத்தும் வேலையை விட்டுவிட்டு, முன்சொன்ன ஐந்தாறு காதுகளிடம் போக வேண்டும். தரகரிடம் விஷயத்தை நீங்களே முதலில் சொல்லிவிடலாம். 'பக்கத்துல ஒரு மனஸ்தாபம் இருக்கு, விசாரிச்சா இப்படி ஒரு பேச்சு வரும், எங்க பொண்ணு வேலை பாக்கற எடத்துலயும் விசாரிச்சுக்கச் சொல்லுங்க' என்று இன்னொரு காதையும் காட்டிவிடலாம். கடைக்காரரிடம் பாக்கியைத் தேதி தவறாமல் கொடுப்பதே போதும், அவர் வாயைவிட நல்ல சாட்சி கிடையாது. பள்ளிக்கூட ஆசிரியை, குடும்ப டாக்டர், கோயில் குருக்கள் போன்று பலரோடு தொடர்புள்ள ஓரிருவருக்கு நம்மை நேரடியாகத் தெரிந்திருந்தால், பேச்சு அவர்களிடம் வரும்போது அங்கேயே நின்றுவிடும். எலியாஸின் புதுக்குடியிருப்புக்காரர்களிடம் இல்லாமல் போன இழை இதுவே.

வாடகைக் குடித்தனக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு, வீட்டை மாற்றிவிடுவது. இதைத் தோல்வி என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள். தினம் படியிறங்கும்போது வயிறு பிசைவதைவிட லாரி வாடகை மலிவு. காலி செய்ய முடிவெடுத்தால் ஒரு காரியத்தில் கவனம் வேண்டும். புது வீட்டுக்காரர் பெரும்பாலும் பழைய வீட்டுக்காரருக்குப் போன் போட்டு "குடித்தனம் எப்படி?" என்று கேட்பார். ஆகவே கிளம்புவதற்கு முன் அட்வான்சைக் கணக்குப் பார்த்து, வெள்ளையடிக்கப் பிடிக்கும் காசில் சண்டை போடாமல், கரண்ட் பில்லைக் கட்டி ரசீதைக் கையில் கொடுத்து, மாதாமாதம் வாடகை பாங்கு மூலம் போன கணக்கையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டம்மாள் என்ன சொன்னாலும், அந்தப் போனை எடுக்கப்போவது வீட்டுக்காரர்தான்.